ஏற்றுமதியைப் பார்த்து நாட்டின் திறமையை அளப்பது: பாடாங் செராயில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கெடா மாநிலத்துக் கூலிம் மாவட்டத்தில் இருக்கிறது எங்கள் பாடாங் செராய். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள், நடுவில் பட்டணம். அதே மாவட்டத்தில்தான் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவும் இருக்கிறது. நான் இங்கே படிவம் ஆறு மாணவர்களுக்குப் பொருளியல் டியூஷன் எடுக்கிறேன். பன்னாட்டு வாணிபம் பாடம் வரும்போது, ஒரு நாட்டின் ஏற்றுமதிப் பட்டியலை வைத்து அந்த நாட்டு மக்களுக்கு என்னென்ன செய்யத் தெரியும் என்று கணிப்பது எப்படி என்பதையும் சேர்த்தே சொல்வேன். ஒவ்வோர் ஆண்டும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. மாணவர்கள் வகுப்பில் கேட்பார்கள். பிள்ளையைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் வாசலில் நின்றபடி கேட்பார்கள். ஒட்டுக்கடையில் தோட்டத்துப் பெரியவர்களும் கேட்பதுண்டு. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

"பொருளாதாரச் சிக்கல்தன்மைன்னு போர்டுல எழுதினீங்க. சிக்கல்னா பிரச்சனைதானே சார்? அது எப்படி நல்லதாகும்?"

பேச்சில் சிக்கல் என்றால் வம்பு என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். இங்கே அதைப் பின்னல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கோரைகள் குறுக்கும் நெடுக்கும் போனால்தான் பாய் கிடைக்கும். ஒரே பக்கமாக எத்தனை கோரையை அடுக்கினாலும் அது கட்டுதான், பாய் ஆகாது. ஒரு நாட்டில் பல பேரிடம் உள்ள பலவகை அறிவு எந்த அளவுக்கு ஒன்றோடொன்று பின்னி வேலை செய்கிறது என்பதுதான் சிக்கல்தன்மை. நான் பெரும்பாலும் பின்னல் என்றே சொல்கிறேன். கீழேயும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

"உள்நாட்டுக்குள்ள எத்தனையோ செய்றோம். அதையெல்லாம் விட்டுட்டு ஏன் ஏற்றுமதியை மட்டும் பார்க்கணும்?"

முதல் காரணம், ஏற்றுமதி ஒரு சோதனை. வெளிநாட்டில் இருப்பவர் நம்மேல் உள்ள பாசத்தால் வாங்குவதில்லை. தரமும் விலையும் ஒத்துவந்தால்தான் வாங்குவார். உள்ளூரில் வேறு வழியில்லாமல் வாங்கப்படும் பொருளை வைத்து, அதைச் செய்தவரின் திறமையைச் சொல்ல முடியாது.

இரண்டாவது, கணக்கு கையில் இருக்கிறது. ஏறத்தாழ எல்லா நாட்டுச் சுங்கத்துறையும் பொருள்களுக்கு ஒரே வகையான எண் கொடுக்கின்றன. எச்.எஸ். எண் என்பார்கள். 1988 முதல் நடப்பில் இருக்கிறது. இயற்கை ரப்பருக்கு 4001, ரப்பர் கையுறைக்கு 4015, செம்பனை எண்ணெய்க்கு 1511, சிப்புக்கு 8542. முதல் ஆறு இலக்கம் வரை உலகம் முழுக்க ஒன்றுதான். அதனால் மலேசியாவையும் பிரேசிலையும் ஒரே தராசில் வைக்க முடிகிறது. உள்நாட்டு உற்பத்திக்கு இவ்வளவு நுணுக்கமான பொதுக் கணக்கு கிடையாது.

"இதை எப்படித்தான் கணக்குப் போடுறாங்க? கணிதம் தெரியாதவங்களுக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க."

முதலில் ஒரு நாடு எந்தெந்தப் பொருளில் உண்மையிலேயே கெட்டி என்று பார்க்க வேண்டும். இதற்கு 1965-ல் பேலா பலாசா என்ற பொருளியலாளர் சொன்ன அளவைப் பயன்படுத்துகிறார்கள். உலக ஏற்றுமதியில் 100 வெள்ளிக்கு 2 வெள்ளி ஒரு பொருளால் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டு ஏற்றுமதியில் அதே பொருள் 100-க்கு 4 வெள்ளி என்றால் விகிதம் 2. விகிதம் 1-ஐத் தொட்டாலே அந்தப் பொருளில் அந்த நாடு கெட்டி. இப்படி ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் 'கெட்டி', 'இல்லை' என்று குறித்து ஒரு பெரிய அட்டவணை போட்டுவிடுகிறார்கள்.

இனி நம் கடைத்தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். ரொட்டி சானாயும் தே தாரிக்கும் எல்லா ஒட்டுக்கடையிலும் கிடைக்கும். கல்யாணச் சமையல்காரர் ஒருவர் நாற்பது வகை செய்வார். அவற்றில் சில பலகாரங்கள் ஊரில் வேறு யாருக்கும் வராது. இன்னொருவர் காட்டுத் தேன் மட்டும் விற்கிறார். அதுவும் வேறு யாரிடமும் கிடைக்காது. ஒருவருக்கு எத்தனை வகை தெரியும் என்பது பன்மை. ஒரு பண்டத்தை எத்தனை பேர் விற்கிறார்கள் என்பது பரவல். பரவல் குறைவு என்பதால் மட்டும் தேன் திறமை மிகுந்த பண்டம் ஆகிவிடாது, ஏனென்றால் அதை விற்பவரிடம் வேறு ஒன்றும் இல்லை. தேன் கிடைக்கும் காடு அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். சமையல்காரரின் அரிய பலகாரமோ நாற்பது வகை தெரிந்த கையிலிருந்து வருகிறது. அதனால் பன்மையை வைத்துப் பரவலையும், பரவலை வைத்துப் பன்மையையும் சராசரி எடுத்து மாறி மாறித் திருத்துகிறார்கள். திருத்திக்கொண்டே போனால் எண்கள் ஓரிடத்தில் நிலைத்துவிடும். அதுதான் பின்னல் குறியீடு. செசார் ஹிடால்கோவும் ரிக்கார்டோ ஹவுஸ்மனும் 2009-ல் இந்த முறையை வெளியிட்டார்கள்.

அந்தப் பட்டியலில் நீண்ட காலமாக ஜப்பான் உச்சியை ஒட்டியே இருந்து வருகிறது. சுவிட்சர்லாந்து, தென்கொரியா, ஜெர்மனி, தைவான், சிங்கப்பூர் எல்லாம் மேலே இருக்கின்றன. மலேசியா பொதுவாக 20-க்கும் 30-க்கும் இடையில் வரும். நம் அளவு வருமானம் உள்ள பல நாடுகளைவிட இது நல்ல இடம்.

"ரப்பரும் செம்பனையும் எளிய பொருள்னு சொல்றீங்க. எங்கம்மா முப்பது வருசம் பால் வெட்டினாங்க. அது சுலபமான வேலையா?"

இந்தக் கேள்வியைக் கோபத்தோடும் கேட்டிருக்கிறார்கள், கண் கலங்கியும் கேட்டிருக்கிறார்கள். என் அம்மாவும் பால் வெட்டியவர்தான். விடியுமுன் நெற்றி விளக்கோடு நிரையில் நுழைய வேண்டும், வெயில் ஏறினால் பால் ஓடாது. பட்டையைச் சரிவாகச் சீவும்போது கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனாலும் மரத்தில் காயம் பட்டு, மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். கை நடுங்காமல் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான மரங்களை அப்படி வெட்டுவது பெரிய வித்தை. எளிய பொருள் என்றால் எளிய உழைப்பு என்று பொருள் இல்லை. குறியீடு உழைப்பின் கடுமையை அளப்பதில்லை.

அது அளப்பது வேறு வேறு அறிவுகள் எத்தனை ஒன்றுசேர வேண்டும் என்பதை. ஒரு தோட்டத்தில் நூறு பேர் பால் வெட்டினாலும் நூறு பேரிடமும் இருந்தது ஒரே வகை அறிவு. ஒரு டயர் செய்ய வேதியியல் தெரிந்தவர், கம்பி இழுப்பவர், நூல் நெய்பவர், அச்சு வார்ப்பவர், ஓட்டிச் சோதிப்பவர் எல்லாரும் வேண்டும். ஒரு காலத்தில் உலக ரப்பரில் ஏறத்தாழ பாதி மலாயாவிலிருந்து போனது. டயர் நகரம் என்று பேர் வாங்கியதோ அமெரிக்காவின் ஆக்ரன். தோட்டம் அப்படித்தான் அமைக்கப்பட்டது. வெட்டுகிற கை இங்கே, கலக்குகிற மூளை அங்கே. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு நின்றுவிடும். நம் ஆள்களிடம் குறை இருந்ததால் அப்படி ஆகவில்லை என்பதை வகுப்பில் அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூலப்பொருளுக்குள்ளும் அறிவு ஒளிந்திருக்கும். 1925-ல் தொடங்கிய ரப்பர் ஆய்வுக் கழகம் அதிகப் பால் தரும் ரகங்களை உருவாக்கியது. செம்பனைப் பூவுக்கு ஒரு காலத்தில் தொழிலாளர்கள் கையால் மகரந்தம் தூவினார்கள். 1981-ல் கேமரூனிலிருந்து கொண்டுவந்த சின்ன வண்டு அந்த வேலையை எடுத்துக்கொண்டது. இவ்வளவு ஆராய்ச்சியும் துறைமுகத்தில் அதே பழைய 4001, 1511 என்ற எண்களில்தான் ஏறுகிறது. குறியீட்டுக்கு எண் தெரியும், எண்ணுக்குள் இருக்கும் வண்டு தெரியாது. இதை நான் உண்மையான குறையாகவே பார்க்கிறேன்.

"அப்போ கையுறை? அதுவும் ரப்பர்தானே?"

ஆமாம். அச்சை நனைக்கும் வரிசை, ரசாயனக் கலவை, ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை, மருத்துவத் துறையின் அங்கீகாரம், கப்பல் ஏற்பாடு என்று கையுறைக்கு மேலும் சில அறிவுகள் வேண்டும். ரப்பர் கையுறை ஏற்றுமதியில் மலேசியா பல ஆண்டுகள் உலகில் முதலிடத்தில் இருந்தது. கேட்பவர்கள் வியப்பது இன்னொரு செய்திக்கு. இன்று நம் கையுறை ஆலைகளுக்கு வேண்டிய ரப்பர் பாலில் பெரும்பகுதி தாய்லாந்து போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. மரம் அங்கே இருந்தாலும் கையுறை செய்யும் அறிவு இங்கே தங்கியது.

"செம்பனை விலை ஏறினா நம்ம இடமும் ஏறுமா?"

ஏறாது. 2022 மார்ச்சில் கச்சா செம்பனை எண்ணெய் டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது. நாட்டுக்குப் பணம் வந்தது. ஆனால் அதனால் நமக்குப் புதிதாக ஒன்றும் செய்யத் தெரிந்துவிடவில்லை.

"கூலிம்ல சிப் செய்றோம். ஏற்றுமதியில பெரும்பங்கு மின்னியல்தான். அப்போ நாம ஜப்பான் பக்கத்துல வந்துட்டோம்தானே?"

இங்கேதான் நிதானம் வேண்டும். மின்சார, மின்னியல் பொருள்கள் நம் ஏற்றுமதியில் சுமார் 40 சதவீதம். 1972-ல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைப் பினாங்கில் தொடங்கியது. உலகில் சிப்புகளைப் பொதிந்து சோதிக்கும் வேலையில் சுமார் 13 சதவீதம் மலேசியாவில் நடக்கிறது என்பார்கள். எண்களைக் கேட்டால் பெருமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் சிப் வேலை மூன்று கட்டம். முதலில் வடிவமைக்க வேண்டும். அப்புறம் சிலிக்கான் வில்லை என்னும் மெல்லிய வட்டத் தகட்டில் அந்த வடிவத்தை உருவாக்க வேண்டும். கடைசியில் வில்லையை நறுக்கி, கூடு போட்டு, சோதிக்க வேண்டும். நம் பலம் பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான். வில்லை வெளிநாட்டிலிருந்து வந்து, இங்கே கூடு போடப்பட்டு வெளியே போனாலும் சுங்கத்தின் கண்ணுக்கு அது 8542தான். முழு மதிப்பும் மலேசிய ஏற்றுமதி என்றே பதிவாகும். உள்ளே வந்த மதிப்பைக் கழித்துப் பார்க்க பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட ஓ.இ.சி.டி. அமைப்பு தனியாக ஒரு கூட்டுமதிப்புக் கணக்கு வைத்திருக்கிறது. நம் நாட்டை எடைபோடும்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

அதற்காகக் கூடு போடும் வேலையை மட்டமாக நினைக்க வேண்டாம். ஐம்பது ஆண்டுகளாக அதைச் செய்ததால்தான் இங்கே சோதனைப் பொறியாளர்கள் உருவானார்கள். பினாங்கின் விட்ராக்ஸ் போல, சிப்பைக் கண்காணித்துப் பிழை கண்டுபிடிக்கும் இயந்திரங்களையே செய்து விற்கும் உள்ளூர் நிறுவனங்கள் வந்தன. இரண்டாவது கட்டமும் இப்போது நம் மாவட்டத்திலேயே நடக்கிறது. 1996-ல் திறந்த கூலிம் பூங்காவில், 2024 ஆகஸ்டில் ஜெர்மனியின் இன்ஃபினியான் சிலிக்கான் கார்பைடு வில்லை ஆலையின் முதல் பகுதியைத் தொடங்கியது. என்னைப் பொறுத்தவரை 40 சதவீதம் என்ற எண்ணைவிட இதுதான் பெரிய செய்தி.

"சேவை ஏற்றுமதின்னு ஒன்னு சொல்றீங்க. லாரியிலயும் கப்பல்லயும் ஏறாதது எப்படி ஏற்றுமதியாகும்?"

பொருள் எல்லையைத் தாண்டுகிறதா என்று பார்க்காதீர்கள். வெளிநாட்டவர் நம் வேலைக்குப் பணம் கொடுக்கிறாரா என்று பாருங்கள். மேடானிலிருந்து இந்தோனேசியர்கள் பினாங்கு மருத்துவமனைகளுக்கு வைத்தியம் பார்க்க வருகிறார்கள். நோயாளி இங்கே வந்தாலும் கணக்கில் அது மலேசியாவின் ஏற்றுமதி. சுற்றுலாப் பயணி இங்கே தின்பதும் தங்குவதும் அப்படியே.

உலக வாணிப விதிகள் இதை நான்கு வழிகளாகப் பிரிக்கின்றன. சேவை மட்டும் எல்லை தாண்டுவது ஒன்று, சைபர்ஜெயாவில் உட்கார்ந்து வெளிநாட்டு நிறுவனத்தின் கணக்கைப் பார்ப்பது போல. வாங்குபவர் நம்மிடம் வருவது இரண்டு, மேடான் நோயாளி போல. நம் நிறுவனம் அங்கே கிளை திறப்பது மூன்று. நம் ஆள் கொஞ்ச காலம் அங்கே போய்ச் செய்து கொடுப்பது நான்கு.

"என் மகன் சிங்கப்பூர்ல வேலை செஞ்சு மாசாமாசம் காசு அனுப்புறான். அது நம்ம நாட்டுச் சேவை ஏற்றுமதிதானே?"

இல்லைங்க அண்ணே. அவர் சிங்கப்பூர் முதலாளியிடம் சம்பளத்துக்கு இருக்கிறார். அவர் செய்வது சிங்கப்பூரின் உற்பத்தி. வீட்டுக்கு வரும் பணம் நாட்டுக் கணக்கில் வருமானம் அல்லது மாற்றுத்தொகை என்ற தலைப்பில் வரும். தினமும் ஜொகூரிலிருந்து பாலம் கடந்து போய் வருபவரின் சம்பளமும் வருமானம்தான். உங்கள் மகனே பாடாங் செராய் வீட்டில் உட்கார்ந்து, சொந்தப் பொறுப்பில், சிங்கப்பூர் நிறுவனத்துக்கு வரைபடம் போட்டுக் கொடுத்துப் பில் அனுப்பினால் அது சேவை ஏற்றுமதி. செய்கிற ஆளும் கற்ற வித்தையும் ஒன்றுதான், எந்த நாட்டுக் கணக்கில் ஏறுகிறது என்பதுதான் மாறுகிறது.

"சேவையையும் சேர்த்துக் கணக்குப் போட்டா தரவரிசை மாறிடாதா?"

மாறும், அதனால்தான் பலர் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். 2016-ல் ஸ்டொய்கோஸ்கி என்பவரும் அவர் சகாக்களும் சேவைகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, சேவைகள் சராசரியாகப் பொருள்களைவிடப் பின்னல் மிகுந்தவை என்று கண்டார்கள். நிதி, காப்புறுதி, கணினி போன்றவற்றில் கெட்டியாக இருக்கும் நாடுகள் இதில் மேலே வரும். எல்லாச் சேவையும் அப்படி இல்லை. கடற்கரை இருந்தால் சுற்றுலா வரும். அதைப் பெரும்பாலும் காட்டுத் தேன் பக்கம்தான் வைப்பேன்.

தடை என்னவென்றால் கணக்கு கரடுமுரடாக இருப்பது. பொருள்களுக்கு ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஆறிலக்கத் தலைப்புகள் உண்டு. சேவைக்குப் பல நாடுகள் பயணம், போக்குவரத்து, நிதி, தகவல் தொழில்நுட்பம் என்று பெரிய பெரிய பெட்டிகளாகத்தான் தருகின்றன. இதய அறுவைக்கு வந்தவரும் பல் பிடுங்க வந்தவரும் பயணம் என்ற ஒரே பெட்டிக்குள் விழுகிறார்கள். அதோடு, சேவையில் ஒரு பகுதி பொருளுக்குள் மறைந்து போகிறது. சிப்பை வடிவமைத்த வேலை சிப்பின் விலைக்குள்ளேயே இருக்கிறது.

"ஆஸ்திரேலியா எவ்வளவு பணக்கார நாடு! அது ஏன் பட்டியல்ல கீழ்ப்பாதியில கிடக்கு? கணக்கே தப்போ?"

அவர்கள் ஏற்றுவது பெரும்பாலும் இரும்புத் தாது, நிலக்கரி, எரிவாயு. தாது மண்ணின் கொடை, காட்டுத் தேன் போலத்தான். மக்கள்தொகைக்கு மிஞ்சிய தாது இருந்தால் பின்னல் குறைவாக இருந்தாலும் பணக்காரராக இருக்கலாம். குறியீடு இன்றைய பணத்தைச் சொல்வதில்லை. வருமானத்தைவிடப் பின்னல் கூடுதலாக உள்ள நாடுகள் வரும் ஆண்டுகளில் வேகமாக வளரும் போக்கு இருக்கிறது என்பதுதான் அதை உருவாக்கியவர்களின் வாதம்.

ஆனால் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. நம் பிள்ளைகள் எத்தனை பேர் மெல்பர்னிலும் பெர்த்திலும் படிக்கிறார்கள்? அந்தக் கட்டணமெல்லாம் ஆஸ்திரேலியாவின் சேவை ஏற்றுமதி. பொருள்களை மட்டும் பார்க்கும் குறியீடு அதைக் காணாது. முந்தைய பதிலை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

"இதை எல்லாப் பொருளியலாளரும் ஒத்துக்கிட்டாங்களா? குறையே இல்லையா?"

குறை உண்டு. ரோம் நகரத்து இயற்பியலாளர்கள் 2012-ல் வேறொரு கணக்கைச் சொன்னார்கள். ஒன்றிரண்டு பொருள் மட்டும் தெரிந்த நாடுகூட ஒரு பொருளைச் செய்கிறதென்றால் அது அவ்வளவு கடினமான பொருளாக இருக்க முடியாது, சராசரி எடுத்தால் இந்த உண்மை மங்கிப்போகும் என்பது அவர்கள் வாதம். 2019-ல் வந்த இன்னோர் ஆய்வு, குறியீடு உண்மையில் பன்மையை எண்ணுவதே இல்லை, யாருடைய ஏற்றுமதிக் கூடை யாருடையதைப் போல இருக்கிறது என்று நாடுகளை வரிசையில் நிறுத்துகிறது என்று காட்டியது. மேலே கடைத்தெருவை வைத்து நான் சொன்ன விளக்கத்துக்கும் இந்தத் திருத்தம் பொருந்தும்.

எனக்குப் பெரிதாகத் தெரியும் குறை வேறு. இது நாட்டு எண். சிப் ஆலைக்குப் பக்கத்திலேயே, தோட்டம் கைமாறியதால் வீட்டை இழந்து பட்டணத்து மலிவு வீட்டுக்கு வந்த குடும்பம் இருக்கிறது. அதன் பிள்ளை அந்த ஆலைக்குள் எந்த வேலைக்குப் போகிறது என்று இந்த எண்ணிடம் கேட்க முடியாது. பின்னல் மிகுந்த நாடுகளில் வருமான ஏற்றத்தாழ்வு குறைவாக இருக்கும் போக்கு உண்டு என்று 2017-ல் ஓர் ஆய்வு சொன்னது. போக்கு என்றால் தானாக நடக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

"சரி சார், என் பிள்ளை எஸ்.பி.எம். முடிச்சுட்டா. இதை வெச்சு என்ன படிக்கச் சொல்றது?"

நாடுகள் பெரும்பாலும் தங்களுக்குத் தெரிந்ததற்குப் பக்கத்தில் உள்ளதைத்தான் அடுத்துக் கற்கின்றன என்று 2007-ல் ஹிடால்கோ குழு பொருள்களின் வரைபடமாகவே போட்டுக் காட்டியது. ஆளுக்கும் அது பொருந்தும் என்பது என் அனுபவம். பாடாங் செராய்க்குப் பக்கத்தில் உள்ளவை எவை? இயந்திரப் பராமரிப்பு, தரச் சோதனை, தொழிற்சாலைத் தானியக்கம், ரசாயன ஆய்வுக்கூடம். செம்பனைப் பக்கம் போனால் எண்ணெயிலிருந்து கொழுப்பு அமிலம், கிளிசரின், சவர்க்கார மூலப்பொருள் செய்யும் வேலைகள். தொழிற்கல்லூரிச் சான்றிதழைப் பெற்றோர் இன்னும் இரண்டாந்தரமாகப் பார்ப்பது எனக்கு வருத்தம். வில்லை ஆலைக்குள் ஓர் இயந்திரம் நின்றுவிட்டால் முதலில் தேடுவது தொழில்நுட்பரைத்தான்.

ஆலையில் இயந்திரத்தை இயக்கும் வேலையோடு நின்றுவிட வேண்டாம் என்றும் சொல்வேன். பொத்தானை அழுத்துவது பால் வெட்டுவது போல ஒரே வகை அறிவாக முடிந்துவிடலாம். இரண்டாவதாக ஒரு வித்தை சேரட்டும். மின்னியலோடு நிரல் எழுதுவது, வேதியியலோடு தர ஆவணங்களைத் தயாரிப்பது என்று எதுவாகவும் இருக்கலாம்.

"இந்த எண்ணையெல்லாம் நாமே பார்க்க முடியுமா, இல்ல காசு கட்டணுமா?"

காசு வேண்டாம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் வளர்ச்சி ஆய்வகம் பொருளாதாரச் சிக்கல்தன்மை வரைபடத்தை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கைப்பேசியிலேயே திறக்கலாம். மலேசியாவைத் தேர்ந்தெடுத்து ஆண்டை மாற்றி மாற்றிப் பாருங்கள், கூடை மாறுவது தெரியும். முதலில் 4001-ஐயும் 4015-ஐயும் அடுத்தடுத்துப் பார்க்கச் சொல்வேன். இரண்டும் 40-ஆம் அத்தியாயம்தான், ஆனால் பின்னல் அளவு வேறு. அப்புறம் 8542-க்குப் போங்கள்.